கண் தெரியாதவரின் ஓட்டமும் என் வாயும்

என் வீட்டுக்காரர் ஓட்டக்காரர். இரண்டு கண்ணும் தெரியாது. அதற்கென்ன? ஓடுவது காலால்தானே! அஞ்சுகிராமத்தில் இதை எத்தனை பேரிடம் சொல்லித் தொண்டை வறண்டிருக்கிறது.

1952 பொங்கல் பந்தயத்தில் தென்னையில் முட்டினார். மறுவருஷம், பரிசு கொடுக்க வந்த பெரிய மனுஷரின் மடியில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எல்லைக்கோட்டில் நான் நின்று கூப்பிடுவேன். குரலைப் பிடித்துக்கொண்டு நேராக வருவார். இரண்டு தடவை இரண்டாம் பரிசு.

1956 பந்தயத்தன்று அவருடைய அண்ணன் நாராயணபெருமாள் வந்தார்.

"இந்தத் தடவ எங்கயாவது முட்டினா, இனி ஓடப்பிடாது. ஊரு சிரிக்கு."

இவரும் ரோஷத்தில் தலையாட்டிவிட்டார். ஓடாத நாளில் அந்த மனுஷனின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

விசில் ஊதினார்கள். "இஞ்சேருங்கோ!" என்று கத்தினேன். புருஷன் பெயரை எவள் சொல்வாள்? எங்கள் ஊரில் எல்லாப் பெண்டாட்டிகளுக்கும் 'இஞ்சேருங்கோ'தான். சர்க்கார் ஆபீசில் கேட்டால்கூட, சுசீந்திரம் சாமி பேரு என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

கூட ஓடிய குமாரதாசின் பெண்டாட்டி பகவதி, குளத்தங்கரை நிழலில் சொகுசாக நின்றுகொண்டு, "இஞ்சேருங்கோ!" என்று அலறினாள். என்னைவிடப் பெரிய தொண்டை, பாவிக்கு! எல்லாருக்கும் வெகு முன்னால் வந்துகொண்டிருந்த இவர் குளத்தை நோக்கித் திரும்பினார்.

"இஞ்சேருங்கோ, இங்க!" என்றேன் நான்.

"இஞ்சேருங்கோ, வேகமா!" என்றாள் அவள்.

இன்னும் நாலு பெண்டாட்டிகள் சேர்ந்துகொண்டார்கள். இவர் நடுமைதானத்தில் ஒரு வட்டமடித்தார். பிறகு குளத்துக்கே கிளம்பினார். பத்தடியில் தண்ணீர்.

மானம் போனால் போகட்டும்.

"எலே சிவதாணு! இங்க வாலே!"

குமாரதாஸ் ஓடுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். இவர் மட்டும் திரும்பி, ஒரே ஓட்டமாக வந்து, கோட்டைத் தாண்டி என்மேல் மோதினார். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம்.

"முட்டிட்டான்!" என்றார் அண்ணன்.

"எம்புருஷன் எம்மேல முட்டினா ஒங்களுக்கென்ன அத்தான்?" என்றேன். அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

"முதல் பரிசு நமக்குத்தான்," என்று இவரிடம் சொன்னேன்.

"அது கெடக்கட்டும் ஏட்டி. இன்னொருக்கா கூப்பிடு."

கூப்பிட்டேன், பகவதிக்கும் கேட்கிற மாதிரி. அந்த 'எலே'யையும் விடவில்லை.