அக்கா நீக்கிய விதி

1

எழுதாதே என்று அக்கா சொல்லியும் இதை எழுதுகிறேன். கதை அவளுடையது. அரசு மருத்துவமனையில் கொள்முதல் அதிகாரி அவள். பஞ்சு முதல் எக்ஸ்ரே இயந்திரம் வரை வாங்கித் தருவது அவள் வேலை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஊழல் மலிந்த அந்த அலுவலகத்தில் ஒரு நேர்மையான...'

வேண்டாம். பேப்பர் செய்தி மாதிரி இருக்கிறது.

2

'அவசரக் கொள்முதல்' என்று ஒரு விதி இருந்தது. அவசரம் என்று எழுதிவிட்டால் மருத்துவமனையின் எதிர்க்கடையில் டெண்டர் இல்லாமல் நேரே வாங்கலாம். வருடம் முழுக்க எல்லாமே அவசரமாகத்தான் இருந்தது, சுழல்நாற்காலி உட்பட. கொள்முதலை எளிமையாக்கும் குழுவில் அக்காவைப் போட்டார்கள். கட்டுக்கட்டான கோப்புகள் போய் ஒரே இணையதளம் வந்தது. பொருளைத் தேர்ந்தெடுத்தால் போதும், குறைந்த விலைக்காரர் அனுப்பிவிடுவார். அவசர விதியை நீக்கும் வரியை அக்காவே எழுதினாள்.

"இனிமே ஒரு பய கை நீட்ட முடியாதுடா!" என்றாள் அன்று.

(அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

3

பச்சிளங்குழந்தைகள் பிரிவில், உடம்புச்சூட்டைக் காக்கும் இயந்திரம் ஒன்றில் சூடேற்றும் பாகம் எரிந்துபோனது. அக்கா உடனே இணையதளத்தில் கேட்டாள். மறுநாள் வந்தது பொருந்தவில்லை. அனுப்பியவர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டால்தான் அடுத்ததைக் கேட்கவே முடியும். குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண்குழந்தையை வேறொரு குழந்தையோடு ஒரே இயந்திரத்தில் நெருக்கிப் படுக்கவைத்திருந்தார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு எதிர்க்கடைக்காரரே பாகத்தோடு வந்தார்.

"எடுத்துக்கோங்கம்மா, பில்லெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்படி வாங்கக் கூடாதுங்க."

"சரி, சும்மாவே தர்றேன். குழந்தை விஷயமாச்சே."

"சும்மா வாங்குறது அதைவிடத் தப்புங்க."

மேலதிகாரியை போனில் பிடித்தாள். (அவரை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனிதர்.) "விதியில இடமில்லையேம்மா, நீங்கதானே எழுதினீங்க? இருங்க, மேல கேக்குறேன்" என்றார். கேட்டார். அனுமதியும் வந்தது. அதற்குள் குழந்தை போய்விட்டது.

4

"மிஷின் ஓடியிருந்தாலும் பிழைச்சிருக்கும்னு சொல்ல முடியாது மேடம்" என்றார் டாக்டர்.

"பிழைச்சிருக்காதுன்னு சொல்ல முடியுமா?"



விதியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி அக்கா குழுவிடம் மன்றாடினாள். சேர்த்தால் மறுபடி எல்லாமே அவசரமாகிவிடும் என்றார்கள். அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

5

நான் எழுதிப்பார்த்த ஒரு முடிவில் அக்கா அந்தப் பாகத்தைக் கை நீட்டி வாங்கினாள். குழந்தை வீறிட்டு அழுதது. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்குடா. அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட போய் இதைப் படிப்பியா?"

கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றில் அவள் வேலையை விட்டாள். அதுவும் பொய். இந்த முறையை மற்ற மருத்துவமனைகளுக்குச் சொல்லித்தர அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நாளைக் காலை கிளம்புகிறாள்.

"யாராவது எழுந்து, அவசரம்னா என்ன பண்றதுன்னு கேட்டா என்னடா சொல்றது?"

அவள் பேசப்போகும் அரங்கில் நீங்களும் உட்கார்ந்திருக்கலாம். கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. கேட்டுவிட்டால் மட்டும், அவள் வாய் திறக்கும்வரை எழுந்து போய்விடாதீர்கள்.