எங்களுக்கு யாரும் கேஸ் போடலையே

விவாகரத்துக்கு எங்கே மனுப் போடுவது என்று தெரியாமல், பூட்டுக்காரரின் மருமகள் முதலில் போனது காவல் நிலையத்துக்கு. "இங்க சேர்த்து வைக்கத்தாம்மா பார்ப்போம். பிரிக்கிற வேலை நம்மகிட்ட இல்ல" என்று ஏட்டம்மா அவளைக் குடும்ப நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தார்.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை நீதிமன்ற மதிலோரம் நிறுத்திவிட்டு மாடியேறினாள். இலவச சட்ட உதவி அறையில் ஒரு வக்கீலம்மா, தலைமேல் ஏற்றிவைத்திருந்த கண்ணாடியை மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். இவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"அவரு வேற ஊர்ல, வேற ஒருத்தியோட குடித்தனம் பண்றாரு. கேஸ் போடணும்னா எங்க ஊருக்கு வந்து போடு, வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி அலைஞ்சாதான் உனக்குப் புத்தி வரும்ங்கறாரு."

"அவர் வாயில வர்றதெல்லாம் சட்டமா? நீங்க ரெண்டு பேரும் கடைசியா ஒண்ணா வாழ்ந்தது எங்க?"

"இங்கதான். எங்க மாமனார் வீட்டு மாடியில. எங்க பொண்ணு பொறந்ததும் அங்கதான்."

"அப்ப இங்கயே போடலாம். கல்யாணப் பதிவுச் சான்று, குழந்தையோட பிறப்புச் சான்று, வீட்டு முகவரிக்கு ஒரு அத்தாட்சி. இது மூணையும் கொண்டு வா."

வீட்டு வரி ரசீது மாமனார் பெயரில் இருந்தது. அதைக் கேட்கத்தான் அவளுக்கு நா எழவில்லை. மாமியார் போன பிறகு அந்த வீட்டில் மாமனார், அவள், மகள் மூன்று பேர்தான். சாயங்காலம் கடையில் அவர் ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தபோது மெல்லச் சொன்னாள். அவர் நிமிரவில்லை. அராவினார், அராவினார், சாவிப் பல் தேய்ந்தே போனது. "இது வீணாப்போச்சு" என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்துபோய், பீரோவிலிருந்து ரசீதை எடுத்து வந்து அவள் கையில் வைத்தார். கோபமா, சம்மதமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாளே மனு தாக்கலானது. கீழ்த்தளத்து ஜன்னலில் முத்திரை குத்தி வழக்கு எண் கொடுத்தார்கள்.

முதல் விசாரணையிலேயே கணவனின் வக்கீல் மறித்தார். இருவரும் கடைசியாக வாழ்ந்தது கணவனின் ஊரில்தான், மனைவி இங்கே விருந்தாளியாக வந்து தங்கிவிட்டாள், அதனால் இந்த நீதிமன்றத்தில் வழக்கே செல்லாது என்றார். சாட்சி உண்டா என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"உன் மாமனாரைக் கூப்பிடேன்" என்றார் வக்கீலம்மா, வெளியே வந்ததும்.

"பெத்த பிள்ளைக்கு எதிரா வந்து நில்லுங்கன்னு எந்த வாயால கேப்பேன்? கேஸ் போனாலும் போகட்டும், நான் கேக்க மாட்டேன்."

வாய்தா அன்று காலை வேன் கதவைத் திறந்தால், முன் சீட்டில் இஸ்திரி போட்ட சட்டையோடு மாமனார்.

"எங்க மாமா?"

"நீ போற இடத்துக்குத்தான். வக்கீலம்மா கடைக்கு வந்தாங்க. வண்டியை எடு."

நீதிமன்ற வராந்தாவில் மகன் அவரைப் பார்த்து வெலவெலத்துப் போனான். என்ன பேசுவதென்று தெரியாமல், "சாப்பிட்டீங்களாப்பா?" என்றான்.

"என் மருமக போட்டா, சாப்பிட்டேன்."

கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல், "மகன் மேல உங்களுக்குக் கோபம், அப்படித்தானே?" என்றார்.

"கோபம் இருக்கு. அதுக்காகப் பொய் சொல்வேனா? மாடி அறைக்குப் பூட்டும் தாழ்ப்பாளும் என் கையால போட்டேன், புதுசா கட்டிக்கிட்டவங்களாச்சேன்னு. அங்கதான் குடித்தனம் பண்ணாங்க, பேத்தியும் அங்கதான் பொறந்தா. ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கிட்டு இறங்கிப் போனவன் இவன். அவ எங்கயும் போகல."

மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, விவாகரத்து ஆயிட்டா இந்தப் பொண்ணு உங்களுக்கு மருமக இல்லையே. யோசிச்சீங்களா?"

அவர் குழம்பிப் போனவராக மருமகளைப் பார்த்தார், பிறகு நீதிபதியைப் பார்த்தார். "அது அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதானேம்மா? எங்களுக்கு யாரும் கேஸ் போடலையே!"

அறையே சிரித்தது. நீதிபதி அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான், வழக்கு இங்கேயே நடக்கும் என்று உத்தரவிட்டார்.

அடுத்த கோடை விடுமுறைக்குள் தீர்ப்பு வந்தது. மணமுறிவு கிடைத்தது. மகள் அம்மாவிடம் இருக்கலாம், அப்பா வந்து பார்த்துப் போகலாம் என்றது தீர்ப்பு. பூட்டுக்காரரின் மகன் இப்போது மாதம் ஒருமுறை வருகிறான். அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசுகிறான்.

பூட்டுக்காரரோ, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும், "வேன் ஓட்டுறாளே, என் மருமக. தனியாப் போயி கேஸ் போட்டா, ஒரு வாய்தா தவறாம நின்னு ஜெயிச்சா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாவி வாங்க வந்த ஒருவர், "பையனை நினைச்சா வருத்தமா இல்லையாண்ணே?" என்று கேட்டார்.

"வருத்தம் இல்லாமலா? அது அது பாட்டுக்கு இருக்கு" என்றார் அவர். "நான் இப்ப மருமகளைப் பத்தித்தானே பேசிக்கிட்டிருக்கேன்!"