முனியப்பன் கயிறு

புளிய விளார் ஒடிந்துவிட்டது. "வேற ஒண்ணு ஒடிச்சிட்டு வாங்கடி!" என்று பச்சமுத்து கத்தினான்.

அவன் தம்பி தீனதயாளனைப் பழைய சேலையால் கூடத்துத் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முதுகில் ரத்தம் கோடுகோடாய் வழிந்தது. அவனுக்கோ அடி உறைத்ததாகவே தெரியவில்லை. "எறும்பு கண்ணுக்குள்ள ஏறுது, தட்டி வுடுங்க" என்று உதறிக்கொண்டே இருந்தான்.

நைனார்பாளையத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சிற்றூரில் குடியை நிறுத்த ஒரே வழி முனியப்பன் கயிறு. பூசாரி மணிக்கட்டில் கட்டிவிட்டால் ஒரு மண்டலத்துக்குச் சொட்டுத் தொடக்கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. திருட்டுத்தனமாகக் குடித்தால் முனியப்பன் உடம்பின் மேல் பூச்சியை ஏவிவிடுவார். ஒப்புக்கொள்ளும்வரை அடிக்க வேண்டும். சாமிக்குக் கோபம் வந்ததோ என்னவோ, பச்சமுத்துவுக்கு நன்றாகவே வந்திருந்தது. அது வருவதற்காகக் காலையிலேயே கடைக்குப் போய் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அவன் கையில்தான் கயிறு இல்லையே, யார் கேட்பது?

"எங்கடா குடிச்ச? சொல்லு!"

"அவுரு குடிக்கல மாமா!" தீனதயாளனின் மனைவி எழில்மதி குறுக்கே விழுந்தாள். "பக்கத்துலயே கெடக்குறேன், எனக்குத் தெரியாதா? கயிறு கட்டுன மறுநாளே கையி நடுங்க ஆரம்பிச்சிச்சு. ஒடம்பு நெருப்பா கொதிக்குது, தொட்டுப் பாருங்க."

"அவன் குடிக்கலன்னா நீதான் இன்னாவோ பண்ணிருக்க," என்றாள் மாமியார் ராஜாம்பாள். "தீட்டோட சோறு போட்டியாடி?"

"போட்டேன், வேற யாரு போடுவாங்க?" என்றாள் எழில்மதி. அதுவே போதுமாயிருந்தது. பச்சமுத்து புது விளாரை அவள் முகத்தில் வீசினான். கன்னம் பிளந்து ரத்தம் கொட்டியது. விளாரை ஒடித்துவந்து கொடுத்த அவன் மனைவி மலர்விழி சுவரோரம் தலைகுனிந்து நின்றாள்.

தீனதயாளனின் உடம்பு திடீரென்று விறைத்தது. கண் செருகியது, வாயில் நுரை தள்ளியது.

"சாமி எறங்கிட்டாரு!" ராஜாம்பாள் கற்பூரம் தேடி ஓடினாள்.

எழில்மதிக்கு அய்யப்பனின் ஞாபகம் வந்தது. போன வருடம் இதே தெருவில், கயிறு கட்டிய கையோடு, இதே நுரையோடு செத்தவன். திருடிக் குடித்தவன் என்று பிணத்தையே வைதார்கள். அவன் மனைவி சின்னப்பொண்ணுவை இன்றைக்கும் குழாயடியில் யாரும் பக்கத்தில் சேர்ப்பதில்லை. எழில்மதி 108-க்குப் போன் செய்தாள்.

வண்டி வந்தபோது பச்சமுத்து வாசலை மறித்தான். "கயிறு கட்டுனவன் எல்லையத் தாண்டக்கூடாது. ஊருக்கே ஆவாது."

எழில்மதி கரும்பு வெட்டும் கத்தியை எடுத்தாள். தன்னைத்தான் வெட்ட வருகிறாள் என்று அவன் துள்ளி விலகினான். அவள் தூணிலிருந்த சேலையை அறுத்தாள். பிறகு குனிந்து புருஷனின் மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிற்றையும் அறுத்தாள்.

"பாவி! அந்தக் கயித்த அறுத்தா உன் தாலி அறுந்துடும்டி!" என்று அலறினாள் ராஜாம்பாள்.

அறுந்த கயிறு பச்சமுத்துவின் காலடியில் விழுந்தது. "இப்போ எல்லையத் தாண்டலாம் இல்ல?" என்றாள் எழில்மதி.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் தீனதயாளன் பிழைத்துக்கொண்டான். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள்: "வருசக்கணக்கா சாராயம் மூளைய அமுக்கிக்கிட்டே இருந்திருக்கும்மா. மூளை சும்மா இருக்குமா? எதிர்த்துத் தள்ளுறதுக்குத் தன்னையே மாத்திக்கிச்சு. ஒரேயடியா சாராயத்த எடுத்துட்டா, அமுக்க ஆளில்ல, தள்ளுறது மட்டும் நிக்கல. அதான் வலிப்பு, இல்லாத எறும்பு. மருந்து குடுத்துத்தான் அமத்தணும். குடிக்கு அடியில மனச்சோர்வும் இருக்கு, அதுக்கும் வைத்தியம் பாக்கணும்."

"அப்போ, குடிச்சதால இல்லீங்களா? நிறுத்துனதாலயா?"

"திடீர்னு நிறுத்துனதால."

எழில்மதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் அய்யப்பனும் குடிக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவனைத்தான் அடித்து அடித்துச் சாகவிட்டிருக்கிறார்கள்.

தீனதயாளன் வீடு திரும்பியதும் ஊர் கதையை மாற்றிக்கொண்டது. முனியப்பன் மன்னித்து உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஆனால் ஆடிப் பொங்கலில் கயிறு அறுத்தவளின் பானைக்குக் கோயிலில் இடமில்லை. எழில்மதி தன் வாசலிலேயே அடுப்பு மூட்டினாள். சின்னப்பொண்ணுவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

பொங்கல் முடிந்த சில நாளில் மலர்விழி கொல்லைப்பக்கமாக வந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"எழிலு, வர்ற வெள்ளிக்கெழம உங்க மாமாவுக்குக் கயிறு கட்டப்போறாங்க." மலர்விழி சுற்றுமுற்றும் பார்த்தாள். "அதுக்கு முன்னாடி அந்த டாக்டரம்மாவாண்ட இட்டுக்கினு போனா, சாமி கோச்சிக்கினு என் தாலிக்கு ஏதாவது ஆயிடுமா?"

எழில்மதி கன்னத்துத் தழும்பைத் தடவினாள். இவள் கைதானே அன்றைக்கு விளார் ஒடித்துக் கொடுத்தது. ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"சின்னப்பொண்ணு கயித்த அறுக்கவேயில்லியேக்கா, அவ தாலி நின்னுச்சா?" என்றாள்.

மலர்விழி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"காலையில மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள்.