கோளாறு உள்ளே இருக்கிறது

"அங்கனயே நில்லு, ஆரோக்கியம். போனை நான் ஜன்னல் வழியாத் தாரேன்."

சொல்லிவிட்டு உபகாரம் வாசற்கதவின் ஒரு பக்கத்தைச் சாத்தினார். திறந்திருந்த மறுபக்கத்தில் தானே நின்றுகொண்டார்.

ஆரோக்கியதாஸ் ஏற்கெனவே ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்துப் படியில் வைத்திருந்தார். கோடைக்கானல் மழையில் நனைந்த கல் உள்ளங்காலில் சில்லென்றது. அந்தக் காலை மறுபடி செருப்புக்குள் விடுவதா, மற்றக் காலையும் எடுப்பதா என்று ஒரு கணம் அவருக்குத் தெரியவில்லை.

"போன்ல ஒண்ணும் இல்லைங்க ஐயா. கம்பத்துலருந்து உங்க சுவரு வரைக்கும் சோதிச்சுப் பாத்துட்டேன். லைன் நல்லாருக்கு. கோளாறு உள்ள இருக்கு. ஹால் சுவத்துல சின்னதா ஒரு பெட்டி இருக்கும்ல, அதைக் கழத்திப் பாக்கணும்."

"இத்தனை வருசமா நீ வெளிய கம்பத்துல ஏறித்தான சரி பண்ணுன?"

"அப்ப நான் லைன்மேனுங்க. உள்ள பாக்குறதுக்கு இன்ஸ்பெக்டர் இருந்தாரு. அவரு ரிட்டயர்டு ஆயிட்டாரு. இப்ப இந்தத் தெருவுக்கு நாந்தான் போன் இன்ஸ்பெக்டர்."

"பாஸ் பண்ணிட்டியாம்ல, கேள்விப்பட்டேன். சந்தோசம்." உபகாரத்தின் குரலில் கோபம் இல்லை. கோவில் கமிட்டிக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது வருமே, அதே நிதானமான குரல். "ஒங்களுக்குத்தான் சர்க்காரு சலுகை மேல சலுகையாக் குடுக்குதே."

அந்தப் பேச்சை ஆரோக்கியதாஸ் போன மாதத்திலிருந்து எத்தனையோ பேரிடம் கேட்டாகிவிட்டது. ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் என்பதால் அவர் சாதிக்கு உள்ள சலுகை அவருக்குக் கிடையாது. தேர்ச்சிக்கு எல்லோருக்கும் வைத்த மதிப்பெண்தான் அவருக்கும். ஞானஸ்நானம் வாங்கியதால் சலுகை போயிற்று. வாங்கியும் இந்த வாசற்படி கிடைக்கவில்லை. இதையெல்லாம் யாரிடம் எத்தனை முறை விளக்குவது?

"நான் சாதி பாக்குறவன் இல்லப்பா," என்றார் உபகாரம். "ஒரே கோவில், ஒரே நற்கருணை. ஆனா வீட்டுல பொம்பள இருக்கா. எம் பொஞ்சாதி சூசையம்மா ஒத்துக்க மாட்டா. நீ போ. வேற ஆளை அனுப்பச் சொல்லு."

உள்ளே ஹாலில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, கறுப்புத் தொலைபேசிக்குப் பக்கத்தில் மருமகள் சகாயராணி நின்றிருந்தாள். போன் செத்து ஆறு நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பம்பாயிலிருந்து அவள் புருஷன் மனுவேல் கூப்பிடுவான். வாரத்தில் அவள் அவன் குரலைக் கேட்பது அந்த ஒரு முறைதான். அவள் ஆரோக்கியதாஸைப் பார்த்தாள். மாமனாரின் முதுகைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஆரோக்கியதாஸ் காலைச் செருப்புக்குள் விட்டுக்கொண்டு இறங்கினார்.

அந்த இன்ஸ்பெக்டர் பரீட்சையை அவர் மூன்று தடவை எழுதினார். முதல் இரண்டு தடவை இங்கிலீஷ் அவரைத் தோற்கடித்தது. இலாகா அச்சடித்த புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு இருபது சொல் புரியாது. பகல் முழுக்கக் கம்பம் ஏறி, கையில் கம்பி கிழித்த காயத்தோடு வந்து உட்காருவார். அவர் மனைவி அடைக்கலமேரி காரட் மண்டியில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவள். அவளுக்கும் களைப்புத்தான். ஆனாலும் அவர் கரித்துண்டால் அடுப்படித் தரையில் வரைந்து காட்டும்போது எதிரே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டிலிருந்து கம்பம், கம்பத்திலிருந்து தெருமுனை இரும்புப் பெட்டி, அங்கிருந்து பூமிக்கடியில் கேபிளாக எக்ஸ்சேஞ்ச், எக்ஸ்சேஞ்சிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து மெட்ராஸ், பம்பாய். கோடு அடுப்பைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்ப் பானை வரைக்கும் போகும்.

அவளுக்கு இங்கிலீஷ் எழுத்தே தெரியாது. கோட்டில் எங்காவது விரலை வைத்து, "இந்த எடத்துல அந்து போச்சுன்னா யாருக்கெல்லாம் பேச்சு நிக்கும்?" என்று கேட்பாள். அவர் யோசித்துச் சொல்வார். தப்பாகச் சொன்னால் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். "இல்லையே, நேத்து வேற சொன்னீங்களே" என்பாள்.

மூன்றாவது தடவை மதுரையில் எழுதிவிட்டு வந்தபோது அவரே எதுவும் எதிர்பார்க்கவில்லை. 1984 மார்ச்சில் பட்டியல் வந்தது. பதினோரு பெயர். ஒன்பதாவது அவருடையது. அவருடைய கீழத்தெருவிலிருந்து இலாகாப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆள். அவர் அப்பா கோவில் கல்லறையில் குழி வெட்டியவர். அன்றைக்கு அடைக்கலமேரி காரட் மண்டிக்குப் போகவில்லை. கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டுவிட்டு இருவரும் சுவரில் சாய்ந்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். சந்தோஷமாக இருக்கக்கூடத் தெம்பு வேண்டியிருந்தது.

உபகாரத்தின் மேலத்தெரு வீட்டில் நடந்ததை எக்ஸ்சேஞ்சில் ஜூனியர் இன்ஜினியர் கந்தவேலிடம் சொன்னார். அதற்கு முன்பே உபகாரம் ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்.

"வேற ஆள் கேட்டாரு. இல்லைன்னுட்டேன்," என்றார் கந்தவேல். "பரீட்சை பாஸ் பண்ணது நீங்க. ஏரியா உங்களுது. அதுல மாத்தம் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், ஆரோக்கியதாஸ். அவரு பேனா புடிச்சு வேலை பாத்த மனுசன். மேல எழுதிப் போட்டாருன்னா உங்களுக்கு இன்னும் ஆறு மாசம் தகுதிகாண் காலம் இருக்கு. சூதானமா இருங்க."

உபகாரம் மேலே எழுதவில்லை. அதைவிட நல்ல யோசனை ஒன்று அவருக்கு வந்தது. தச்சன் ஒருவனைப் பிடித்தார். வீட்டு வாசலுக்கு வெளியே, விறகு அடுக்கும் இடத்தை ஒட்டி, தகரம் வேய்ந்த ஒரு பலகைக் கொட்டகை மூன்றே நாளில் எழும்பிற்று. உள்ளே ஒரு முக்காலி, ஒரு தட்டு. தொலைபேசியை அங்கே மாற்றித் தரச் சொல்லி முறைப்படி விண்ணப்பம் கொடுத்தார். விண்ணப்பம் வந்தால் இன்ஸ்பெக்டர் இடத்தைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும்.

ஆரோக்கியதாஸ் போனார். உபகாரம் வாசலிலேயே காத்திருந்தார். முகத்தில் நல்ல மலர்ச்சி.

"பாத்தியா? இனிமே ஒனக்கும் சங்கடம் இல்ல, எனக்கும் சங்கடம் இல்ல. எப்ப வேணும்னாலும் வா, பாரு, போ. வெரசா எழுதிக் குடுத்துட்டேன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள லைன் வந்துரும்."

ஆரோக்கியதாஸ் உள்ளே போய்ப் பலகையில் கை வைத்தார். ஈரம். பலகை இடுக்கில் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. இந்த ஊர்ச் சாரலில் தொலைபேசிக் கருவி ஒரு மாதம் தாங்காது. ஈரம் பட்டால் கம்பிக்குக் கம்பி கசியும், பேச்சு கரகரக்கும், பிறகு செத்துப்போகும். மதுரையில் இரண்டாவது தாளில் இதைத்தான் கேட்டிருந்தார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்.

"இது ஆகாதுங்க ஐயா. ஈரமான எடத்துல கருவி வைக்கக் கூடாது."

"அத யாரு பாக்கப் போறா? சும்மா எழுதுப்பா."

"நான் பாத்துட்டேனே."

உபகாரத்தின் முகம் மாறியது. "ஏலே, ஒனக்காகத்தான கட்டுனேன்?"

"எனக்காகக் கட்டுனதுதாங்க," என்றார் ஆரோக்கியதாஸ். கோபமாகச் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தார். குரல் அவ்வளவு தூரம் எழும்பவில்லை.

அறிக்கையில் நான்கு வரி எழுதினார். இடம் ஈரமானது. கருவிக்குத் தகுதியற்றது. தற்போதுள்ள ஹாலிலேயே வைத்திருக்கலாம். உட்கோளாறைச் சரிசெய்ய வீட்டார் அனுமதி தேவை.

அன்று இரவு இதை அடைக்கலமேரியிடம் சொன்னார். காரட் மண் ஒட்டிய கைகளை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுனது சரிதான்," என்றாள். "ஆனா அந்த மருமக புள்ள என்னங்க பண்ணும்? கிழவன் வீம்பு புடிச்சு ஒக்காந்துருவான். புருசன் கூடப் பேச முடியாமப் போறது அந்தப் புள்ளதான."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் எழுதுனீகளா?"

"வேற என்னத்த எழுத? ஈரத்தைக் காஞ்சிருக்குன்னு எழுதவா? அதுக்கா மூணு தடவை பரீட்சை எழுதுனேன்?"

அவள் வெந்நீரிலிருந்து கையை எடுத்துத் துடைத்தாள். அவள் கேட்ட கேள்வி அவருக்கும் உள்ளே கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது.

அவள் சொன்னபடியே ஆயிற்று. சனிக்கிழமை உபகாரத்தின் கடிதம் வந்தது. எட்டு வருஷம் காத்திருந்து வாங்கிய இணைப்பை, இலாகாவின் ஒத்துழைப்பு இல்லாததால், திருப்பி ஒப்படைப்பதாக எழுதியிருந்தார். கூடவே ஒரு துணிப்பை. அதில் தொலைபேசி. சுவர்ப் பெட்டியிலிருந்து அவரே கத்தரியால் ஒயரை வெட்டி எடுத்து, ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியதாஸுக்கு வேலை நாள். பூசை மணி ஓய்ந்து ஒரு மணி நேரம் இருக்கும். எக்ஸ்சேஞ்சை ஒட்டிய பொதுத் தொலைபேசி அறைக்கு சகாயராணி வந்தாள். கோவிலிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். முக்காடு இன்னும் தலையில் இருந்தது. பம்பாய் எண்ணை ஆபரேட்டர் சிவபாக்கியத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பெஞ்சில் ஏற்கெனவே ஐந்தாறு பேர் இருந்தார்கள். பள்ளங்கிப் பக்கத்து விவசாயிகள் இருவர், ஒரு ஹோட்டல்காரர், மேலத்தெருவைச் சேர்ந்த ஒரு டீச்சரம்மா.

ஆரோக்கியதாஸ் தயங்கிவிட்டுப் பக்கத்தில் போனார்.

"அம்மா, உங்க மாமா லெட்டரு இன்னும் மதுரைக்குப் போகல. நான் அந்தக் கொட்டகையே போதும்னு மாத்தி எழுதிக் குடுத்தா லைன் திரும்ப வந்துரும். உங்களுக்குக் கஷ்டம்னு தெரியும். அதான் கேக்குறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதில் சொல்வதற்குள் சிவபாக்கியம் குரல் கொடுத்தாள். "பம்பாய், பம்பாய் வந்துருச்சு. கூண்டுக்குள்ள போங்க."

அன்றைக்கு லைன் படு மோசம். கண்ணாடிக் கூண்டின் கதவு பாதி திறந்தே கிடந்தது. முதலில் அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"நான்தாங்க… சகாயம்… ஆமா, வெளியருந்து பேசுறேன்."

அந்தப் பக்கம் கேட்கவில்லை போலும். குரலை உயர்த்தினாள்.

"வீட்டுல போன் இல்ல! … இல்லங்க, கெட்டுப்போகல! … திருப்பிக் குடுத்துட்டாரு! … மாமா!"

பெஞ்சில் பேச்சு நின்றது.

"ஏன்னா… ரிப்பேர் பண்ண வந்தவரை உள்ள விட மாட்டேன்னுட்டாரு! … கேக்கலையா? உள்ள விடல! … கீழத்தெருக்காரருன்னு! … கீழத்தெரு! கீழத்தெரு! ஆமா! அவரு பரீட்சை பாஸ் பண்ணி இன்ஸ்பெக்டரா வந்தாரு! அதுக்காக வெளிய விறகு பக்கத்துல ஒரு கொட்டகை கட்டுனாரு! அதுவும் ஆகலைன்னதும் ஒயரையே வெட்டிட்டாரு!"

டீச்சரம்மா தன் குடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகாயராணி சற்று நேரம் கேட்டாள். பிறகு முன்பைவிடப் பலமாகச் சொன்னாள்.

"அப்பாகிட்ட நீங்க பேசுறீகளா? எதுலங்க பேசுவீங்க? போன்தான் இல்லையே!"

பள்ளங்கிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்.

"மூணு நிமிசம் முடியப்போகுது," என்றாள் சிவபாக்கியம். "நீட்டவா?"

"நீட்டுங்கக்கா. நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல."

கூண்டின் கதவை அவள் உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தினாள். அந்த வீட்டு ஹாலில் மாமனார் பேசி, மாமியார் பேசி, மிஞ்சிய அரை நிமிஷத்தில், இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, 'நல்லாருக்கேன்' என்பதைத் தவிர இரண்டு வருஷத்தில் அவள் வேறெதுவும் சொன்னதில்லை. இப்போது கண்ணாடிக்குப் பின்னால் அவள் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. இடது கையால் முக்காட்டைத் தோளுக்குத் தள்ளிக்கொண்டாள். நடுவில் ஒரு தடவை கண்ணைத் துடைத்தாள். என்ன சொன்னாள் என்பது பெஞ்சில் இருந்த யாருக்கும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது தொண்டை கட்டியிருந்தது. ஆரோக்கியதாஸ் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அறிக்கையை மாத்தாதீங்க," என்றாள். "அப்படியே மதுரைக்கு அனுப்பிருங்க. ஞாயித்துக்கிழமை தோறும் நான் இங்கனயே வந்து பேசிக்கிறேன். டிசம்பர்ல அவரு வந்து கூட்டிட்டுப் போறேன்னுருக்காரு."

"மாமா கேட்டா?"

"டீச்சரம்மா பாத்துட்டாங்கல்ல," என்றாள். "நான் வீடு போய்ச் சேருறதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவள் போன பிறகு பெஞ்சில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆரோக்கியதாஸ் மேஜையில் கிடந்த கோளாறுப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். மேலத்தெருவில் இன்னும் இரண்டு வீடுகள் இருந்தன. இரண்டுக்கும் எதிரே உட்கோளாறு என்று எழுதியிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்.