வாத்தியாருக்கு இல்லாமல் போன இடது பக்கம்

இருபத்தாறு வருஷமாக கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த வாத்தியாருக்கு உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. ஓட்டத் தெரியாதவர்கள் ஒரு வகை. ஓட்டத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஓட்டத் தெரியாதவர்கள் இன்னொரு வகை. இரண்டிலும் சேராதவர் ஒருவர்தான். அவர் யார் என்று அவரைக் கேட்டால் சொல்வார்.

பயிற்சிக் காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுக் கண் கலங்காமல் இறங்கியவர்கள் குறைவு. "கண்ணாடி எதுக்கு மாட்டியிருக்கான்? தலை சீவிக்கவா?" என்பார். "ரோட்டுல நாலு பேர் உயிரோட இருக்கறது உனக்குப் பிடிக்கலையா?" என்பார். ஒரு பெண் மூன்று முறை தேர்வில் தோற்றபோது அவளுக்குக் 'களிமண்' என்று பேர் வைத்தார். நாலாம் முறை அவள் பாஸ் ஆனாள். அதோடு விடாமல், அவரிடமே உதவி ஆசிரியையாக வேலைக்கும் சேர்ந்தாள். பேர் மட்டும் மாறவில்லை.

இப்படிப்பட்டவர் வண்டியிலிருந்து விழவில்லை, முக்காலியிலிருந்து விழுந்தார். அவருடைய பயிற்சிப் பள்ளியின் பெயர்ப்பலகை ஒரு விரல்கடை சாய்ந்திருந்தது. "ஒரு பலகைய நேரா மாட்டத் துப்பில்ல" என்று மாட்டியவனைத் திட்டிக்கொண்டே ஏறினார். நடைபாதை ஓரக் கல்லில் தலை பட்டது. மூளையின் வலது பக்கம் ரத்தம் கட்டி, அன்றைக்கே மண்டையைத் திறந்து எடுத்தார்கள்.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. பேச்சு தெளிவாக இருந்தது. ஆள் அடையாளம் தெரிந்தது. நாக்கில் இருந்த தேளுக்கும் ஒரு குறையும் இல்லை. இடது கை மட்டும் கொஞ்சம் துவண்டிருந்தது. ஆனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் ஒரு புகார் சொன்னார்.

"கட்டின பொண்டாட்டி எட்டிக்கூடப் பாக்கல. நல்ல குடும்பம்."

கட்டின பொண்டாட்டி அப்போது கட்டிலுக்கு இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது நாளும் அங்கேதான் இருந்தாள். தபால் அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு, வாயைத் துடைத்து, போர்வையைச் சரிசெய்து, அந்த வசையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் தடவை கேட்டதும் எழுந்து வெளியே போய்க் கொஞ்சம் அழுதாள். பிறகு அழுவதற்கும் அலுத்துவிட்டது.

டாக்டர் அவளை அழைத்து விளக்கினார். "கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா. கண்ணு பாக்குது, மூளை கண்டுக்கல. இடது பக்கம்னு ஒண்ணு இருக்குங்கறதே அவருக்குத் தோணாது. தோணலைங்கறதும் தெரியாது. பயிற்சியில நல்லா தேறலாம். ஆனா நாள் ஆகும். வண்டிச் சாவிய மட்டும் கண்ணுல காட்டாதீங்க."

வீட்டுக்கு வந்த வாத்தியாருக்கு உலகமே சதி செய்வதாகப்பட்டது. தட்டில் பாதிச் சாப்பாடுதான் வைத்தாள் என்று கத்தினார். இடது பாதி தொடாமல் கிடந்தது. அவள் தட்டைத் திருப்பி வைத்தாள். "இத முதல்லயே போட்டிருந்தா என்ன?" என்று மிச்சத்தையும் சாப்பிட்டார். முகத்தில் வலது கன்னம் பளபளவென்று இருக்க, இடது கன்னத்தில் ஒரு வாரத்துத் தாடியோடு அலைந்தார். கதவு நிலையில் இடது தோள் இடித்தால், "வாசக்கால எவன் இங்க நகத்தி வெச்சான்?" என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கோ ஆடுவதாகவும் தெரியவில்லை, கூடம் பாதி இல்லாததும் தெரியவில்லை.

வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. ஒரு தாள் நிறையச் சின்னச் சின்னக் கோடுகளைப் போட்டு, எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னாள். வலது பக்கத்தில் இருந்ததையெல்லாம் அடித்துவிட்டு வாத்தியார் பேனாவை எறிந்தார்.

"எல்.கே.ஜி. பாடமா? முடிஞ்சுது."

"எல்லாமே முடிஞ்சுதா சார்?"

"ஏம்மா, உனக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?"

கடிகாரம் வரையச் சொன்னாள். வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்ணையும் வலது பாதிக்குள்ளேயே பஸ்ஸில் ஆள் ஏற்றுவதுபோல நெருக்கி அடைத்தார். அவள் சிரிக்கவில்லை. தாளின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒன்றை ஒட்டி, "இந்தச் சிவப்பு கண்ணுல படற வரைக்கும் தலைய திருப்புங்க. பட்டதுக்கப்புறம்தான் வாசிக்கணும்" என்றாள்.

"இதுக்கெல்லாம் படிச்சுப் பட்டம் வாங்கினியா? டேப் ஒட்டறதுக்கு?"

அவள் அடுத்த தாளிலும் டேப் ஒட்டினாள்.

மனைவியின் தம்பி வேறு வந்து சேர்ந்தான். மூளைக்கு வலுவூட்டும் மாத்திரை ஒரு டப்பாவும், மூளையைக் கூர்தீட்டும் செல்போன் விளையாட்டு ஒன்றும் கொண்டுவந்தான். "தினம் பத்து நிமிஷம் ஆடுங்க மாமா, மூளை சும்மா கத்தி மாதிரி ஆயிடும்."

"நீ எத்தன நாளா ஆடற?"

"ஆறு மாசமா மாமா."

"அப்ப வேணாம்" என்றார் வாத்தியார். அந்த வீட்டில் அந்த மாதம் அவர் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான். டாக்டரும் மாத்திரையைத் தூக்கிப் போடச் சொன்னார்.

மூன்றாம் மாதம் கை பழைய பலத்துக்கு வந்தது. உடனே பிடிவாதம் ஆரம்பித்தது. "கை வந்தாச்சு, பலம் வந்தாச்சு. சாவி எங்க?" ஒரு வாரம் சாப்பிடாமல், பேசாமல், பேசினால் கத்தி, வீட்டை நரகமாக்கினார். மனைவி பொறுக்க முடியாமல் களிமண்ணைக் கூப்பிட்டாள்.

"ரோட்டுல விடவே மாட்டேன்கா. மைதானத்துல, முதல் கியர்ல, என் காலு பிரேக் மேல. பாத்துட்டாவது அடங்கறாரான்னு பாப்போம்" என்றாள் களிமண்.

காலை வேளை. பயிற்சி மைதானத்தில் ஈ காக்கை இல்லை. இரண்டு வரிசையாக ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து நடுவில் பாதை விட்டிருந்தாள். மனைவி தூரத்தில் வேலியோரம் நின்றாள். வாத்தியார் ஓட்டுநர் இருக்கையில் ராஜா மாதிரி உட்கார்ந்தார். இடது பக்கத்து இருக்கையில், ஆசிரியர்களுக்கென்று தனி பிரேக் வைத்த இடத்தில், களிமண் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

வாத்தியார் என்ஜினை இயக்கினார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு வலது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சத்தம் போட்டார்.

"ஏய் களிமண்! ஏறப்போறியா இல்லையா? உனக்காக சாயங்காலம் வரைக்கும் நிக்கணுமா?"

"ஏறிட்டேன் சார்."

அவர் ஜன்னலுக்கு வெளியே இன்னும் எட்டிப் பார்த்தார். "எங்க?"

"உங்க பக்கத்துல சார்."

"வெளையாடறியா?"

அவள் கை நீட்டி அவர் இடது தோளைத் தொட்டாள். மனிதர் துள்ளி விழுந்தார். தலை மெல்ல மெல்ல, துருப்பிடித்த கீல்போல, இடது பக்கம் திரும்பியது. அங்கே ஓர் ஆள் முழுசாக உட்கார்ந்திருந்தாள்.

"சத்தம் போடாம ஏறினா எப்படித் தெரியும்?" என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை.

வண்டி நகர்ந்தது. கைப்பழக்கம் போகவில்லை. கிளட்ச் வெண்ணெய்போல விலகியது. வலது வரிசைக் கூம்புகளை நூல் பிடித்தமாதிரி ஒட்டி ஓட்டினார். மைதானத்தின் கோடியில் நிறுத்தி, "பாத்துக்க. ஓட்டறதுன்னா இது" என்றார்.

"எறங்கி ஒரு சுத்து சுத்தி வாங்க சார்."

வண்டியைச் சுற்றி வந்தார். வலது வரிசை சிப்பாய்போல நின்றது. இடது வரிசையில் ஒன்பது கூம்பில் எட்டு தரையில் கிடந்தன. ஒன்பதாவது சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"எவனோ பின்னாடி வந்து தட்டிவிட்டிருக்கான்."

களிமண் மைதானத்தைக் கையால் காட்டினாள். வேலியோரம் நின்ற மனைவியைத் தவிர ஒரு குருவிகூட இல்லை. பிறகு கோப்பிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். மாணவர்களுக்கு அவரே மதிப்பெண் போடும் படிவம். "நீங்களே போடுங்க சார். உங்ககிட்டத்தான் நான் கத்துக்கிட்டேன். ஒரு கூம்பு விழுந்தா என்ன?"

"ஃபெயில்" என்றார் வாத்தியார், பழக்கத்தில்.

"ஒன்பது விழுந்தா?"

அவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெயர் எழுதும் இடம் எங்கே என்று தேடினார். அது இடது பக்கம் இருந்தது. களிமண் விரலை வைத்துக் காட்டினாள்.

மனைவி அருகே வந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் கேட்டார்: "ஆஸ்பத்திரியில... நீ வந்தியா?"

"பத்தொன்பது நாளும் இருந்தேங்க."

"எங்க உக்காந்திருந்த?"

"இந்தப் பக்கம்" என்றாள், அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. "சொல்லித் தொலைக்கறதுக்கென்ன" என்றார். அவள் அதையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டாள். முப்பது வருஷத்தில் கிடைத்த முதல் மன்னிப்பு.

விஷயம் தெரிந்ததும் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண், களிமண்ணையும் மனைவியையும் பிடிபிடியென்று பிடித்தாள். "மைதானமா இருந்தாலும் செய்யக்கூடாதது. நல்லவேளை, கூம்போட போச்சு." பிறகு வாத்தியாரிடம் திரும்பித் தாளை வைத்தாள்.

அன்றுதான் அவர் முதல்முறையாகச் சிவப்பு டேப்பைத் தேடினார். தேடிய விதம்தான் வேடிக்கை. "இடது பக்கம் பாருடா மடையா! இன்னும் திருப்பு! கழுத்துல என்ன கம்பியா வெச்சுக் கட்டியிருக்கு?" என்று தன்னைத்தானே அதட்டினார். அறையிலிருந்த மற்ற நோயாளிகள் திடுக்கிட்டார்கள்.

"இப்படி வாய்விட்டுச் சொல்றது நல்லதுதான் சார்" என்றாள் அவள். "திட்டணும்னு அவசியம் இல்ல."

"திட்டாம எனக்குச் சொல்லிக்கொடுக்க வராது."

இருபத்தாறு வருஷம் ஊரார் தலையில் கொட்டிய வசையெல்லாம் அதன் பிறகு ஒரே மாணவன் தலையில் விழுந்தது. அவனைப்போல மந்தமான மாணவனை அவர் கண்டதில்லை. நேற்றுப் படித்ததை இன்று மறந்தான். களைப்பு வந்தால் இடது பக்கத்தை அப்படியே கைகழுவினான். தட்டைத் தானே திருப்பிக்கொள்ள இரண்டு மாதம் பிடித்தது. செய்தித்தாளில் ஒரு வரியை முதல் எழுத்திலிருந்து வாசிக்க நாலு மாதம். இடது கன்னத்தைத் தடவிப் பார்த்துச் சவரம் செய்த நாளில், ரத்தக்கீறலோடு வெளியே வந்து, "கேவலமா இருக்கு, ஆனா முழுசா இருக்கு" என்றார்.

பதினோராம் மாதம், திரையைப் பார்த்து ஓட்டும் இயந்திரத்தில் சோதித்தார்கள். பதினெட்டு நிமிஷம் குறையில்லாமல் ஓட்டினார். பத்தொன்பதாம் நிமிஷம் இடது பக்கத்திலிருந்து திரையில் ஒரு சைக்கிள் வந்தது. அவருக்கு வரவில்லை.

டாக்டர் இதமாக ஏதோ சொல்லத் தொடங்கினார். வாத்தியார் கையமர்த்தினார். "மழுப்பாதீங்க டாக்டர். இப்படி ஒருத்தன் என்கிட்ட வந்தா, ரோடு பக்கமே தலைவெச்சுப் படுக்காதேன்னு சொல்லி அனுப்பியிருப்பேன்."

உரிமத்தை ஒப்படைக்கப் போனபோது அங்கிருந்த குமாஸ்தாவுக்கு எந்தப் படிவம் என்று தெரியவில்லை. பறித்துத்தான் பழக்கம்; தானாகக் கொண்டுவந்து கொடுத்தவர் யாருமில்லை போலும். மூன்று மேசை அலைந்து கொடுத்துவிட்டு வெளியே வந்தார். களிமண் வண்டியோடு காத்திருந்தாள். மனைவி முன்னால் உட்கார, வாத்தியார் பின்னால் ஏறினார். நினைவு தெரிந்து அவர் பின் இருக்கையில் உட்கார்ந்தது அன்றுதான். கால் வைக்க இடம் போதவில்லை என்றார். சீட்டில் தூசி என்றார். முதல் திருப்பம் வந்ததும் பொறுக்க முடியவில்லை.

"கியர மாத்து. அது என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா, கட்டிப் பிடிச்சிட்டிருக்க?"

களிமண் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். "சார், பின்னாடி உக்காந்தவங்க பேசினா ஓட்டறவங்க கவனம் செதறும். நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்."

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வாத்தியார் வாயை மூடிக்கொண்டார். இரண்டு தெரு தாண்டும்வரை மூடியே இருந்தார். மூன்றாவது தெருவில் எதிரே ஒருவன் சிக்னல் போடாமல் திரும்பினான்.