ரென்ஸ் பிழை

அன்ரனிதாசின் மகள் நிலுஜா ஒன்பதாம் வகுப்புக்கு யாழ்ப்பாணம் போனாள். நெடுந்தீவில் இருந்து தினமும் போய்வரக் கூடிய தூரமில்லை என்பதால் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த விடுதியில் தங்கினாள். அங்கே பிள்ளைகள் போன் வைத்திருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பிறகு தாய் தகப்பன்மார் விடுதிச் சிஸ்ரரின் போனுக்கு எடுக்கலாம். ஒரு பிள்ளைக்குப் பதினைந்து நிமிடம்.

முதல் ஞாயிறு பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"சாப்பிட்டியோ பிள்ளை?"

"ஓம் அப்பா. நீங்கள்?"

"நானும் சாப்பிட்டனான்."

பிறகு மற்றவர் ஏதாவது சொல்வார் என்று இருவரும் காத்திருந்தார்கள். வீட்டில் இருந்தபோதும் அவர்கள் அதிகம் பேசியவர்கள் அல்ல. பேச்சையெல்லாம் அவர் மனைவி றெஜினாதான் பார்த்துக்கொண்டாள். புற்றுநோயில் அவள் இறந்து இரண்டு வருடம். அவளுடைய பெயரைக்கூட இருவரும் அதன்பிறகு ஒருவருக்கொருவர் சொன்னதில்லை.

மூன்றாவது ஞாயிறு நிலுஜா தானாக ஒன்றைச் சொன்னாள்.

"இங்கிலிசுதான் அப்பா கஷ்ரம். சிமிலி, மெற்றபர் எண்டு முப்பது சொல்லுத் தந்திருக்கினம். ரவுண் பிள்ளையளுக்கு எல்லாம் முதலே தெரியும். எனக்குக் கேட்டுப் பாக்கிறதுக்கு ஆளில்லை."

"என்னட்டைச் சொல்லு. எழுதி வைச்சு நான் கேக்கிறன்."

"உங்களுக்கு இங்கிலிசு தெரியாதே."

"தமிழிலை எழுதுறன்."

அவள் சொல்லச் சொல்ல, கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். சிமிலி என்றால் ஒன்றை இன்னொன்றைப் போல என்று சொல்வது. மெற்றபர் என்றால் போல என்று சொல்லாமல் அதுதான் இது என்றே சொல்லிவிடுவது. பேர்சோனிபிகேசன் என்ற சொல்லை எழுத மூன்று தரம் வெட்டவேண்டியிருந்தது. உயிரில்லாததை ஆள் மாதிரிச் சொல்வதாம்.

அந்தத் தாளைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கடலுக்கும் கொண்டுபோனார். நண்டு வலை இழுத்து முடிந்து திரும்புகிற நேரத்தில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். கேட்க ஒருவரும் இல்லாததால் சத்தமாகவே சொன்னார். கரையில் நண்டை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசல் படலை திறக்கிற சத்தத்துக்கு எட்டிப்பார்க்க ஆளில்லை. மற்ற நாட்களை ஞாயிற்றுக்கிழமைக்காகக் கழித்தார்.

"பேர்சோனிபிகேசனுக்கு உதாரணம் சொல்லு" என்று கேட்டார் ஒருநாள்.

"வரமாட்டனெண்டுது அப்பா. நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்."

"இண்டைக்கு எஞ்சின் கோவிச்சுக்கொண்டு நடுக்கடலிலை நிண்டுட்டுது."

நிலுஜா சிரித்தாள். தாயின் செத்தவீட்டுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்கவில்லை. அன்று சிஸ்ரர் வந்து போனை வாங்கும் வரை பேசினார்கள்.

இரண்டாம் தவணை தொடங்கியபின் அவள் சொன்னாள்: "அப்பா, இனி நீங்கள் கேக்கத் தேவையில்லை. பக்கத்துக் கட்டில் அனோஜினியோடை சேர்ந்து படிக்கிறன். அவ பருத்தித்துறை. இங்கிலிசிலை கெட்டிக்காரி."

"நல்லது பிள்ளை" என்றார். அந்தக் கிழமைக்கென்று புதிதாகப் பாடமாக்கிய ஆறு சொற்கள் அவரிடமே இருந்துவிட்டன. பேச்சு மறுபடியும் சாப்பிட்டியோவுக்குத் திரும்பியது.

தவணை முடிவில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். அன்ரனிதாஸ் விடியற்காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தார். வகுப்பறையில் இங்கிலிசு ரீச்சர் சறோஜினிதேவி ஒரு கொப்பியை எடுத்து வைத்திருந்தார்.

"நிலுஜாவின்ரை அப்பாவோ? இருங்கோ. பிள்ளை கெட்டிக்காரி. ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை."

கொப்பியை அவர் பக்கம் திருப்பினார். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. ஒரு வரியில் ஒன்று, இரண்டு என்று வெட்டி வெட்டி மேலே வேறு சொல் எழுதியிருந்தது.

"என்ன பிழை ரீச்சர்?"

"ரென்ஸ் பிழை. காலம். 'என் அம்மா' எண்டு கட்டுரை. தாய் தவறிட்டா எண்டு எனக்குத் தெரியும். அப்ப இறந்தகாலத்திலை எல்லோ எழுத வேணும்? எல்லா இடமும் 'இஸ்' போட்டிருக்கிறா. நான் 'வோஸ்' எண்டு திருத்திக் குடுத்தனான். திருப்பி எழுதச் சொன்னால் திரும்பவும் 'இஸ்'. மூண்டு தரம். மற்றக் கட்டுரையளிலை இந்தப் பிழை இல்லை."

அன்ரனிதாஸ் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு வாசிக்கத் தெரிந்தது மகளின் பெயர் மட்டுந்தான்.

"நான் கதைக்கிறன் ரீச்சர்" என்று சொல்லி எழும்பினார்.

நிலுஜா தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். இருவரும் சீமெந்துக் கட்டின் மேல் இருந்தார்கள். அவர் வாங்கிவந்த றோல்ஸை அவள் பாதி தின்று பாதியைத் தாளில் சுற்றி வைத்தாள்.

"ரீச்சர் கொப்பியைக் காட்டினவ."

அவள் தாளின் ஓரத்தை மடித்தாள்.

"தெரியாமலோ எழுதினனீ?"

"தெரியும் அப்பா. எழுத ஏலாமல் கிடக்கு. அனோஜினி சொன்னாள், சும்மா ஒரு சொல்லுத்தானே, மாத்தி எழுதன் எண்டு. அவளுக்கு அம்மா இருக்கிறா."

அவர் தன் கைகளைப் பார்த்தார். இவ்வளவு காலமும் பிள்ளை மறந்துகொண்டு வருகிறாள், தான் பேசி அதைக் கெடுக்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார்.

"எனக்கும் ஏலாமல்தான் கிடக்கு" என்றார். "கரையிலை ஆரும் கேட்டால், மனிசி வீட்டிலை எண்டு வாயிலை வந்திடும்."

நிலுஜா அவருடைய தோளில் முகத்தை வைத்து அழுதாள். அந்த வழியாகப் போன இரண்டு பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போனார்கள். பின்னேரப் படகைப் பிடிக்க அவர் உடனேயே வெளிக்கிடவேண்டி இருந்தது.

"மார்க்ஸ் போகும். ரீச்சர் சொன்ன மாதிரி எழுதிக் குடு, பிள்ளை" என்றார் கேற்றடியில். "எழுதினாப்போலை அம்மா இல்லையெண்டு ஆகாது."

அவள் தலையாட்டினாள்.

இரண்டு ஞாயிறு கழித்து நிலுஜா போனில் கட்டுரையை வாசித்துக் காட்டினாள். வேகமான இங்கிலிசு. அவருக்கு விளங்கியது ஒரே ஒரு சொல். வோஸ். அது வரிக்கு வரி வந்தது. ஆனாலும் குரல் தடுக்காமல் அவள் கடைசிவரை வாசித்தாள்.

"எத்தினை மார்க்ஸ்?"

"பதினைஞ்சுக்குப் பன்ரெண்டு."

"நல்லது."

அவள் கேட்டாள்: "தமிழிலை சொல்லட்டோ அப்பா?"

"சொல்லு."

"அம்மா குசினிக்கதவைச் சாத்திப்போட்டுத்தான் பாட்டுப் படிப்பா. ஆரும் வந்தால் உடனை நிப்பாட்டிப்போடுவா. அப்பா கடலாலை பிந்தி வந்தால் ஏசுவா. ஏசிப்போட்டு நண்டுக்காலை உடைச்சு அப்பாவின்ரை சோத்துக் கோப்பையிலை வைப்பா."

படிப்பா, ஏசுவா, வைப்பா. தமிழில் அப்படித்தான் வந்தது. திருத்துவதற்கு அங்கே ஒருவரும் இல்லை. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஓம், ஓம்" என்றார்.

நேரம் முடிந்தது என்று சிஸ்ரர் சொல்வது கேட்டது. போன் நின்ற பிறகும் அவர் முற்றத்துக் கல்மதிலடியில் நின்றார். பொழுது படத் தொடங்கியிருந்தது. உள்ளே போய், குசினியில் லைற்றைப் போட்டு, ஒரு ஆளுக்கு அரிசி அளந்தார்.