மரம் இல்லாத நிழல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் எனக்குச் சங்கடம்.

ஹோபார்ட்டில் படங்களுக்கு ஃப்ரேம் போடுவது என் தொழில். வேலை இல்லாத நேரத்தில் கதை எழுதுவேன், அதாவது அடிக்கடி. போன இலையுதிர்காலத்தில் லினெட் ஒரு பெரிய படத்தைக் கடைக்குக் கொண்டுவந்தாள்.* எங்கள் தீவின் மேற்குக் கடற்கரையிலுள்ள மொட்டை மலை ஒன்று. வெளிர்சிவப்புப் பாறை, புல் பூண்டு கிடையாது. ஆனால் நடுவில், ஒரு வெள்ளைப் பாறையின் மேல், ஊதா நிறத்தில் ஒரு செடியின் நிழல் விழுந்திருந்தது. செடி எங்கே என்று தேடினேன். இல்லை.

"இது எதோட நிழலுங்க?" என்று கேட்டேன்.

லினெட் அளவு நாடாவை எடுத்து, ஏற்கெனவே அளந்த பக்கத்தை மறுபடியும் அளந்தாள்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை நான் வளர்த்தேன். அந்த மரத்தையும் நான்தான் நட்டேன்.

(* கடையில் அவர், கதையில் அவள். வாடிக்கையாளர் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை என்ற தைரியம்.)

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய மலைகளுக்கிடையே அந்தச் சிறிய கார் ஊர்ந்து —"

வேண்டாம். இந்தக் கார் எத்தனையோ கதைகளில் ஊர்ந்தாயிற்று. பெட்ரோல் தீர்ந்திருக்கும்.

இரண்டாவது: "கலை என்பது மனிதன் இயற்கையோடு நடத்தும் ஓயாத —"

இதை எழுதியவனை நானே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினேன்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். லினெட் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் ஒரு மாதத்தை ஒதுக்குவாள். பாதி மாதம் லெடர்பியில், பாதி மாதம் தன் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஸ்டூடியோவில். (லெடர்பி வரைபடத்தில் இல்லை. பெயரை மாற்றிவிட்டேன். அந்தப் பக்கம் போனவர்களுக்கு எந்த ஊர் என்று தெரிந்துவிடும், தெரியட்டும்.) அது ஒரு சுரங்க ஊர். உருக்காலையின் புகையும் கோடரியும் சேர்ந்து மலைகளை மொட்டையடித்து, மழை மண்ணையும் கழுவிக்கொண்டு போன ஊர். அந்த மொட்டை மலைகளை வரைந்துதான் லினெட் பேர் வாங்கினாள்.

அவளுக்கு ஒரு விதி உண்டு. மாணவர்களிடம் சொல்வாள், பேட்டிகளில் சொல்வாள், பல் வைத்தியரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்: அங்கே இருப்பதை விடமாட்டேன், அங்கே இல்லாததைச் சேர்க்கமாட்டேன். மின்கம்பம் குறுக்கே வந்தால் மின்கம்பமும் படத்தில் வரும்.

(லினெட்டுக்கு ஒரு கணவரும் இருந்தார். நல்ல மனிதர். முதல் பிரதியின் இரண்டாம் பத்தியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். கதைக்குக் குறுக்கே நின்றதால் எடுத்துவிட்டேன். இடம் தெரியாமல் மண்ணைத் தள்ளி மூடியாயிற்று.)

3

கிளம்பும் முன் ஃபிலிப்பாவிடமிருந்து போன். ஃபிலிப்பா துறைமுகத்துப் பக்கம் காட்சிக்கூடம் நடத்துகிறவள். வயதில் சின்னவள், பேச்சில் பெரியவள்.

"மொட்டை மலைன்னா நீங்க, நீங்கன்னா மொட்டை மலை. போன வருஷம் பாதிப் படத்துல புதரு. வந்தவங்க திராட்சை ரசத்தக் குடிச்சிட்டு அப்படியே போயிட்டாங்க. இந்தத் தடவையும் புதர்தான்னா, எனக்கு வேற ஆளு காத்திட்டிருக்காங்க லினெட். கோவிச்சுக்காதீங்க."

லினெட் கோபித்துக்கொள்ளவில்லை, பயந்தாள். அறுபதைத் தாண்டியவளை இன்னொரு காட்சிக்கூடம் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப்போவதில்லை.

லெடர்பியில் நிலைமை இன்னும் மோசம். உருக்காலை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. மலைகளுக்கு அது இப்போதுதான் உறைத்ததுபோல, திரும்பின பக்கமெல்லாம் பச்சை. மிச்சமிருந்த மொட்டை ஒன்றே ஒன்று: லினெட் வழக்கமாகத் தங்கும் க்ளெனிஸின் வீட்டுப் பின்வேலியைத் தாண்டியதும் ஏறும் சரிவு.

க்ளெனிஸ் சுரங்கத்துச் சமையல்கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவள். வந்து இறங்கியதுமே லினெட்டைச் சமையலறை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அங்க பாரு. எங்க ஊரு காடு."

சரிவின் நடுவே, வெள்ளைப் பாறைக்குப் பக்கத்தில், வாட்டில் என்ற வேலமர வகையில் இடுப்புயரக் கன்று ஒன்று.

"இதுவாடி காடு?"

"சிரிக்காத லின். பொறந்ததுலேருந்து அந்த மேட்ட மொட்டையாவே பாத்தவடி நான். பாத்திரம் கழுவறப்ப அதத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். வெயில் வந்துச்சுன்னா பாறை மேல நிழலு நீளமா விழும். அது அத்தன சின்னது, அதுக்குப் போயி அவ்வளவு நீள நிழலு! பக்கத்து வீட்டு ட்ரெவர் இருக்கானே, அவனுக்கு இதக் கண்டா ஆகாது. மரம் வந்தா நம்ம ஊரு நம்ம ஊராவே இருக்காதாம். பப்புல ஒக்காந்து பொலம்புறான்."

அதன்பின் ஒரு வாரம் மழை. லெடர்பியில் அதை மழை என்று யாரும் சொல்வதில்லை, வழக்கம் என்பார்கள்.

4

மழை விட்ட அன்று க்ளெனிஸ் ஊரில் இல்லை. பர்னியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தாள். லினெட் படத்தாங்கியை வேலிக்கு அப்பால் நிறுத்தினாள்.

வெளியில் வரைகிறவர்கள் நிழலை முதலில் பிடிப்பார்கள். சூரியன் நிற்காது. மலை எங்கும் போகாது. நிழல்களைச் சடசடவென்று வைத்துவிட்டு, பிறகு அவற்றைத் திரும்பிப் பார்க்காமல் மற்றதை நிதானமாகக் கட்டவேண்டும். லினெட்டின் கை வழக்கப்படி ஓடியது. பள்ளங்களின் நிழல், முகட்டின் நிழல், வெள்ளைப் பாறை மேல் ஊதாவில் ஒரே இழுப்பு. அப்புறம்தான் தலையைத் தூக்கினாள். கன்று நின்றது, படத்துக்குச் சரியாக நடுவில், பச்சையாக.

படத்தாங்கியை இடப்பக்கம் நகர்த்தினாள். முகடு போயிற்று. வலப்பக்கம் நகர்த்தினாள். ட்ரெவரின் கொட்டகை வந்தது. பழைய இடத்துக்கே வந்து நின்றாள்.

இங்கேதான் எனக்கு லினெட் மேல் சந்தேகம் வந்தது. வேறு எந்த ஓவியராக இருந்தாலும் கன்றை வரையாமல் விட்டுவிட்டுப் போயிருப்பார், கதையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் அவளுக்கு விதி இருக்கிறதே. அங்கே இருப்பதை விடமாட்டாள். ஆகவே அது அங்கே இல்லாமல் இருக்கவேண்டும்.

ஏறிப் போனாள். அடித்தண்டைப் பிடித்து இழுத்தாள். மழையில் ஊறிய சரளை, மண் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரே இழுப்பில் வேரோடு வந்துவிட்டது. எதிர்த்திருந்தால் விட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். குழியில் சரளையைக் காலால் தள்ளி மூடினாள். கன்றை ஓடைப் பள்ளத்தில் எறிந்துவிட்டு வந்து, தூரிகையை எடுத்தாள். மத்தியானம்வரை வரைந்தாள். விதிப்படி, இருந்ததை மட்டும்.

படம் நன்றாக வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன் ஆவேன். பல வருடங்களில் அவள் வரைந்ததிலேயே நல்ல படம் அது.

(ஒரு பிரதியில் அந்தக் கன்று, க்ளெனிஸின் செத்துப்போன கணவருடைய சாம்பலைப் போட்டு நட்டது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அடித்துவிட்டேன். கண்ணீருக்காக மரம் நடக்கூடாது. அது தானாக முளைத்த, யாருக்கும் சொந்தமில்லாத கன்று.)

5

க்ளெனிஸ் திரும்பிவந்து பையைக்கூட இறக்கவில்லை.

"லின், காட்டக் காணோம்."

"எந்தக் காட்ட?" என்றாள் லினெட். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று தெரிந்தது. "வாலபி கங்காரு ஏதாச்சும் தின்னிருக்கும்."

"வேரோடயா? கூடவே குழியயும் மூடிட்டுப் போச்சாக்கும்." க்ளெனிஸ் ஜன்னலை விட்டு நகரவில்லை. "ட்ரெவர்தான். வேற யாரு? நான் இல்லாத நேரம் பாத்துப் புடுங்கிட்டான், பாவி."

"பாக்காம சொல்லாத க்ளென்."

"பாக்கணுமா? முப்பது வருஷமா அவனுக்கு ஞாயித்துக்கிழம கறி ரோஸ்ட்டு கொடுத்தனுப்புறேன். இனிமே தட்டும் கெடையாது, பேச்சும் கெடையாது."

அந்த ஞாயிறு தட்டு போகவில்லை. ட்ரெவர் வேலியோரம் வந்து நின்று, "இன்னிக்கு அடுப்பு ரிப்பேரா க்ளென்?" என்று குரல் கொடுத்தான். க்ளெனிஸ் ஜன்னலைச் சாத்தினாள். லினெட் உருளைக்கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்தான். க்ளெனிஸ் குழம்பை நீட்டினாள். வாங்கி ஊற்றிக்கொண்டாள்.

6

ஸ்டூடியோவில் மீதி மாதம். வெளியில் வரைந்த சிறு பலகையில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பெரிய துணிக்கு ஏற்றினாள். கட்டம் போட்டு ஏற்றும்போது கட்டம் தெரியும், படம் தெரியாது. மாதக் கடைசியில் ஃபிலிப்பா வந்து எதிரே நின்றாள்.

"இதுதான், இதுதான் நீங்க! ஆமா, இது எதோட நிழல்?"

லினெட் அப்போதுதான் பார்த்தாள். மரத்தை மலையிலிருந்து எடுத்துவிட்டாள். நிழல் முதலிலேயே விழுந்துவிட்டது.

"சொல்லாதீங்க," என்றாள் ஃபிலிப்பா. "சொல்லாம இருக்கறதுதான் அழகு. நடுச்சுவர் இதுக்குத்தான்."

க்ளெனிஸ் திறப்பு விழாவுக்கு வருகிறாள். எந்த வருடமும் தவறியதில்லை. அந்தப் பாறையையும் அந்த நிழலையும் அவளைவிட அதிகம் பார்த்தவர் யாரும் இல்லை.

எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின.

அ) லினெட் நிழலின் மேல் வெள்ளை பூசிவிடுகிறாள். விதி என்ன ஆவது? அந்த நிழல் அங்கே இருந்ததுதானே.

ஆ) மரத்தை வரைந்து சேர்க்கிறாள். ஃபிலிப்பா போய்விடுவாள். அதோடு அது இப்போது அங்கே இல்லாத மரம்.

இ) க்ளெனிஸ் கவனிக்கவே இல்லை. இதை எழுதினேன், கை கூசியது.

எடுத்துப் போட்ட கணவரைத் திரும்ப நட்டு, அவர் வாயால் உண்மையைச் சொல்லவைக்கலாமா என்றும் பார்த்தேன். வேர் காய்ந்துவிட்டது.

7

விழாவன்று பிற்பகல். ஃப்ரேம் போட்டாயிற்று, கொக்கி மட்டும் அடிக்கவில்லை. லினெட் காரோடு வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. கடை மணி அடித்தது. பஸ்ஸில் கசங்கிய மழைக்கோட்டோடு, கேக் டப்பா ஒன்றை அணைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உள்ளே வந்தாள்.

"லின் இங்க வரச் சொன்னா. நான் க்ளெனிஸ்."

நான் உருவாக்கிய ஆள்தான். இருந்தாலும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அவள் உட்காரவில்லை. மேசையில் கிடந்த படத்தின் பக்கம் குனிந்தாள். பிறகு விரலை நீட்டி, படத்தில் படாமல், நிழலின் அடி தொடங்கும் இடத்துக்கு மேலே வெறும் காற்றில் கன்று நின்ற உயரத்துக்கு ஒரு கோடு போட்டாள். அதன் பிறகு உட்கார்ந்தாள். டப்பா மடியில் இருந்தது.

லினெட் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். க்ளெனிஸைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

க்ளெனிஸ் திட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"லின், ட்ரெவர்கிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

கொக்கியும் சுத்தியலும் என் கையில் இருக்கின்றன. கொக்கியை அடிப்பதா, வேண்டாமா என்று தெரியாமல் நானும் நிற்கிறேன். மரத்தை நட்டது நான், பிடுங்கவைத்ததும் நான். அதனால் இந்தப் பதிலை நான் சொல்லக்கூடாது.

லினெட் சொன்னாள்:

(இங்கே இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். பென்சிலால் எழுதுங்கள். ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று சனிக்கிழமை, நாளைக்கு ரோஸ்ட்.)